நாங்கள் பூசையை நீட்டிய ஞாயிறு

அன்பான தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும்,

வருகிற மாதம் முதல் எங்கள் பங்கின் பெரியோர் மறைக்கல்வி வட்டங்களை நீங்கள்தான் நடத்தப்போகிறீர்கள். நான் ஓய்வு பெறுகிறேன். ஓய்வு என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு முப்பத்திரண்டு வயது. மூத்தவன் ஜோயல் நேராக நடப்பதைவிடக் குறுக்கே ஓடுவதுதான் கூட. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்துகொண்டே அண்ணனுக்குப் பதில் உதை கொடுத்துப் பழகுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் வட்டம் நடத்த முடியாது என்று எங்கள் பங்குக் குருவான சுவாமியிடம் சொன்னபோது, "சரி பிள்ளை, புதுசா வாறவைக்கு உம்மடை அனுபவத்தை எழுதிக் குடும்" என்றார். நானும் உடனே ஓம் என்றுவிட்டேன். பிறகு வீட்டுக்கு வந்து, சோறு வடிக்கிறபோதும் உடுப்புத் தோய்க்கிறபோதும், ஏன் ஓம் சொன்னேன், எனக்கு என்ன அனுபவம் இருக்கிறது, இதை வாசித்து யாராவது சிரித்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு தெளிவு வந்தது. சிரிக்கத்தான் வேண்டும். நான் சொல்லப்போவது அப்படிப்பட்ட கதை.

பாடத்தை எப்படி ஒழுங்குபடுத்துவது, கதிரைகளை எப்படிப் போடுவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதை விடுகிறேன். பயிற்சியில் சொல்லித் தந்தும் எனக்கு ஏறாமல் போன ஒரு விடயத்திலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் மறைக்கல்வி இயக்கத்தின் வழி உங்களுக்குத் தெரியும். ஒருவர் நற்செய்தியை வாசிப்பார். வட்டம் நடத்துபவர் ஒரு கேள்வி கேட்பார். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். அவ்வளவுதான். வளர்ந்த மனிதர்களின் விசுவாசம் அவர்களுடைய வாழ்க்கைக்குள்ளேயே இருக்கிறது, அதை வெளியே வரவிட வேண்டும், நீங்கள் ரீச்சர் இல்லை என்று வவுனியாப் பயிற்சியில் ஓர் அருட்சகோதரி எங்களுக்குச் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு கேள்வியும் கேட்டார். கேட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். மின்விசிறி சுற்றியது. வெளியே ஒரு பஸ் போனது. இன்னொரு பஸ்ஸும் போனது. அவர் அசையவில்லை. யாராவது ஏதாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று கடைசியில் நானே எதையோ உளறினேன்.

பங்குக்கு வந்து நடத்திய முதல் வட்டத்திலும் அதேதான். "இலாசருக்காக இயேசு ஏன் அழுதார்?" என்று கேட்டேன். ஒருவரும் பேசவில்லை. நான் கேட்டது பிழையோ, முகத்தில் ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்று ஒரு கணம் தவித்தேன். மறுகணம் விடையை நானே கடகடவென்று சொல்லி முடித்துவிட்டேன்.

சூசை அண்ணை மெல்லச் செருமினார். அவர் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். கோயிலில் வாசகம் வாசிக்கிறவரும் அவர்தான். "ரீச்சர், கேள்வியும் நீங்கள், விடையும் நீங்கள். நாங்கள் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போகட்டோ?"

"ரீச்சர் எண்டு கூப்பிடாதேங்கோ அண்ணை. எங்கடை இயக்கத்திலை ரீச்சர் இல்லை."

"சரி ரீச்சர்."

அன்றிலிருந்து கடைசி வரைக்கும் நான் ரீச்சர்தான்.

இன்னொரு தொல்லை ஜோயல். அவனை விட்டுவிட்டு வர வீட்டில் ஆள் இல்லை, என் கணவர் வேலைக்கு வவுனியாவுக்குப் போய்விடுவார். அதனால் இரண்டு வயது ஜோயலும் வட்டத்தில் ஓர் உறுப்பினர் ஆகிவிட்டான். நாங்கள் நடுவில் ஒரு மெழுகுதிரி ஏற்றி வைத்துத்தான் தொடங்குவோம். ஜோயலுக்கு மெழுகுதிரி என்றால் பிறந்தநாள். எல்லாரும் கண்ணை மூடி இருக்கும்போது தவழ்ந்து போய் "ப்பூ!" என்று ஊதி அணைத்துவிட்டு, "ஹப்பி பேர்த்டே!" என்று கை தட்டுவான். நான் வெட்கத்தில் உருகிப் போவேன். பாடகர் குழுவை நடத்தும் மாகிரெற் அக்கா அப்போதெல்லாம் தீப்பெட்டியைக் கையிலேயே வைத்திருப்பா. "விடு பிள்ளை, ஒருத்தனாவது சந்தோசமா இருக்கட்டும்" என்பா. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இரண்டு கையிலும் தின்ன இனிப்பு விசுக்கோத்தைக் கொடுத்துவிட்டால் வாய் ஊதாது. இந்த விசுக்கோத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தாஸ் அண்ணைக்கு வருகிறேன்.

தாஸ் அண்ணை நெல் வெட்டுகிற பெரிய மெசின் ஓட்டுபவர். எங்கள் பங்கு உங்களுக்குத் தெரியும்தானே, ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கடல். வயல் பக்கத்தில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவார். ஆனால் நன்மை எடுக்க, அதாவது நற்கருணை அப்பத்தை வாங்க, சனம் வரிசையாக எழும்பும்போது அவர் மட்டும் மெல்ல வெளியே போய்விடுவார். "மோட்டச்சைக்கிள் வெயிலிலை நிக்குது" என்பார். மழை நாளிலும் அதைத்தான் சொல்வார்.

அவருடைய மகள் ஷாலினி முதன்முதலாக நன்மை எடுக்கிற புதுநன்மைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள் கேட்டாளாம், "அப்பா, நீங்கள் எந்த வயசிலை புதுநன்மை எடுத்தனீங்கள்?" அவரால் பொய் சொல்ல முடியவில்லை. அவருக்கும் ஒரு காலத்தில் வெள்ளைச் சேட்டு தைத்து வைத்திருந்தார்கள். பூசை நடக்க இருந்த வாரத்தில் சண்டையால் ஊரே இடம்பெயர்ந்தது. பிறகு வேறு ஊர், அதற்குப் பிறகு இன்னொரு ஊர். ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்கிற காலம் வந்தபோது அவருக்கு மீசை முளைத்துவிட்டது. வெட்கம். அந்த வெட்கத்தை மோட்டச்சைக்கிளுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு இத்தனை வருடம் இருந்திருக்கிறார்.

"அப்ப நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டா எடுப்பம்" என்று ஷாலினி சொல்லிவிட்டாள். ஒரே நாளில், ஒரே பூசையில், ஒரே மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு. அவர் என்னிடம் வந்து, தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு, "ரீச்சர், என்னை மாதிரிக் கிழட்டுப் பிள்ளையளைச் சேர்ப்பியளோ?" என்று கேட்டார்.

சேர்த்தோம். ஆனால் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலமும் காலபோக நெல் வெட்டும் ஒன்றாக வருவதை நான் யோசிக்கவில்லை. தபசில்தான் வட்டங்கள். தபசில்தான் மெசினுக்கு மூச்சு விட நேரமில்லை. நான் வயல்காரர் நிறைந்த பங்கில் பிறந்து வளர்ந்தவள். என்றாலும் வட்டங்களின் நாள் ஒழுங்கை எழுதும்போது கோயில் கலண்டரை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறேன். தாஸ் அண்ணையால் வட்டத்துக்கு வர முடியவில்லை. அதனால் வட்டம் அவரிடம் போனது. ஜோயலை இடுப்பில் தூக்கிக்கொண்டு நானும், பின்னால் சைக்கிளில் மாகிரெற் அக்காவும் சூசை அண்ணையும். அவர் மெசினை நிறுத்தித் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் வரம்பில் நெல் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து நற்செய்தி வாசித்தோம். கொக்குகள் எங்களைச் சுற்றி நடந்தன. ஜோயலுக்கு ஊத மெழுகுதிரி இல்லை, கொக்குகளை ஊதினான்.

ஒருநாள் நன்மை எடுக்க முன்னம் ஒரு மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்பது பற்றிக் கதை வந்தது. "அது ஏன் ரீச்சர்?" என்று தாஸ் அண்ணை கேட்டார். விடை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைக் கடித்து நிறுத்தி, "நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அருட்சகோதரியைப் போலக் கையை மடியில் வைத்துக்கொள்ளப் பார்த்தேன், மடியில் ஜோயல் இருந்தான்.

அவர் தேத்தண்ணி முழுவதையும் குடித்து முடித்தார். கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "மெசின்ரை தொட்டி நெல்லாலை நிறைஞ்சால் நிப்பாட்டி வெறுமையாக்கிப்போட்டுத்தான் திரும்ப வெட்டலாம். வெறுமையாக்காமல் ஓடினால் எல்லாம் வெளியிலை கொட்டுண்டு போகும்" என்றார். "அப்பிடித்தானோ ரீச்சர்?"

எனக்கு அந்த இடத்திலேயே துள்ள வேண்டும்போல் இருந்தது. நான் சொல்ல வைத்திருந்த விடையைவிட எவ்வளவோ நல்ல விடை! எனக்கு அதுவரை ஏறாதிருந்த பாடம் அன்றைக்குத்தான் கொஞ்சம் ஏறத் தொடங்கியது. கொஞ்சம்தான்.

புதுநன்மை நாள் உயிர்த்த ஞாயிறுப் பாஸ்காவுக்குப் பிறகு வந்த ஒரு ஞாயிறு. கோயில் வாசலில் வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கடைசியில் ஷாலினி, அவளுக்குப் பின்னால் தாஸ் அண்ணை. புது வெள்ளைச் சேட்டு, எண்ணெய் வைத்து வாரிய தலை. முதல் நாளே பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டார். ஒரு மணித்தியாலம் போதும் என்று தெரிந்தும், முதல் நாள் இரவுச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தார். "தொட்டியை நல்லா வெறுமையாக்கிப்போட்டன் ரீச்சர்" என்று சொல்லிச் சிரித்தார். உதடு காய்ந்திருந்தது.

சுவாமி இன்னும் வரவில்லை. அவருக்கு அன்றைக்கு மூன்று கோயிலில் பூசை. எங்களுடையது இரண்டாவது. நான் பிள்ளைகளின் மெழுகுதிரிகளைப் பார்ப்பேன், ஜோயலைப் பார்ப்பேன், திரும்ப மெழுகுதிரிகளைப் பார்ப்பேன். அத்தனை மெழுகுதிரிகளை அவன் வாழ்க்கையில் ஒரே இடத்தில் கண்டதில்லை. அவனுடைய கண்கள் இரண்டு மடங்காகியிருந்தன. நான் உடனே இரண்டு கையிலும் விசுக்கோத்தைத் திணித்தேன். எல்லாவற்றையும் யோசித்துச் செய்துவிட்டேன் என்று எனக்கு அப்படியொரு நிம்மதி.

தூரத்தில் மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டது. சுவாமி வந்து இறங்கி ஓட்டமாகப் பக்க அறைக்குள் போனார். மணி அடிக்கத் தொடங்கியது. தாஸ் அண்ணை குனிந்து ஜோயலின் கன்னத்தைத் தட்டி, "என்ன சின்னவர், எனக்காகச் செபிப்பீரோ?" என்றார்.

ஜோயல் செபிக்கவில்லை. "மாமா, ஆ!" என்றான்.

பிள்ளை பெற்ற ஆளுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வாய் தானாகத் திறக்கும். தாஸ் அண்ணையின் வாய் திறந்தது. பாதி கடித்து, எச்சிலில் ஊறிய விசுக்கோத்து உள்ளே போனது. அவர் மென்றார். விழுங்கினார். "ம்ம், இனிப்பு!" என்றார்.

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு அவருடைய சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

"ரீச்சர்..."

"என்ன அண்ணை?"

"நான் சாப்பிட்டுப்போட்டன்."

ஷாலினி தகப்பனின் முகத்தைப் பார்த்தாள், என்னுடைய முகத்தைப் பார்த்தாள். சின்னப் பிள்ளைதான், ஆனால் மறைப்பள்ளியில் முதலாம் பிள்ளை, அவளுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. "அப்பா எடுக்காட்டி நானும் எடுக்கேல்லை" என்றாள். சத்தமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பயம்.

நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? ஜோயலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பக்க அறை வாசலில் சுவாமி உடுப்புப் போட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். "சுவாமி, சுவாமி, ஜோயல்..." என்று மூச்சு வாங்கினேன். அவர் அன்போடு சிரித்து, ஜோயலின் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்துவிட்டு நடந்து போனார். பீடப் பிள்ளைகள் பின்னால் போனார்கள். அவ்வளவுதான், அந்த வழி மூடிவிட்டது.

திரும்பி வந்தேன். "அது ஒண்டும் பரவாயில்லை அண்ணை, சின்னத் துண்டுதானே, பிள்ளை தந்ததுதானே" என்று சொல்ல வாய் உன்னியது. அப்படிச் சொன்னால் அவர் தலையாட்டுவார், என் சொல்லைத் தட்டமாட்டார். அவர் போய் எடுத்தும் விடுவார். ஆனால் இவ்வளவு காலம் காத்திருந்த ஒரு மனிதர், கண்ணை மூடி நாக்கை நீட்டுகிற அந்தக் கணத்தில் விசுக்கோத்தைத்தான் நினைப்பார். சாகும்வரை தன் புதுநன்மையை நினைக்கும்போதெல்லாம் விசுக்கோத்து வரும். அதை நான் அவருக்குச் செய்யலாமா? சட்டம் சின்னதா பெரிதா என்று நான் கேட்கவில்லை. அந்தச் சட்டத்துக்கு வரம்பில் உட்கார்ந்து பொருள் கண்டுபிடித்தவர் அவர். அதை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு உரிமை இல்லை. இப்படி எழுதும்போது பெரிய நிதானத்தோடு முடிவெடுத்ததுபோலத் தெரிகிறது. உண்மையில் நான் ஜோயலின் வாயைச் சேலைத் தலைப்பால் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன செய்வம்?" என்று கேட்டேன். தாஸ் அண்ணையிடம், சூசை அண்ணையிடம், மாகிரெற் அக்காவிடம். கேட்டுவிட்டு வாயை மூடினேன்.

மணி அடித்துக்கொண்டிருந்தது. என் நாக்கின் மேல் நான் ஏறி உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லலாம்.

மாகிரெற் அக்கா தன் கைமணிக்கூட்டைப் பார்த்தா. "ஒரு மணித்தியாலம்தானே தேவை?" என்றா. "பூசை தொடங்க முன்னம் எண்டு இல்லையே, நன்மை எடுக்க முன்னம் எண்டுதானே? அப்ப நன்மைக்கு ஒரு மணித்தியாலம் ஆக்கினால் சரி."

சூசை அண்ணை தலையில் கை வைத்தார். "எங்கடை சுவாமியின்ரை பூசையிலையோ? முக்கால் மணித்தியாலத்திலை அவர் மோட்டச்சைக்கிளை உதைச்சுப்போடுவார். அடுத்த கோயிலிலை சனம் பாத்துக்கொண்டிருக்குது அக்கா!"

"பாட்டு என்ரை கையிலை" என்றா மாகிரெற் அக்கா.

சூசை அண்ணை ஒரு கணம் யோசித்தார். பிறகு அவருடைய முகம் ஏலத்தில் பெரிய மீன் விழுந்ததுபோல மலர்ந்தது. "வாசகம் என்ரை கையிலை!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். விசுவாசிகள் மன்றாட்டு அன்றைக்கு என்னுடைய பொறுப்பு.

இது சரியா பிழையா என்று யோசிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று. கிடைத்திருந்தால் இன்றைக்கும் வாசலில்தான் நின்றிருப்பேன். ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது. இல்லாத எதையும் நாங்கள் சேர்க்கப்போவதில்லை. பாட்டுப் புத்தகத்தில் இருக்கிற சரணங்களைத்தானே பாடப்போகிறோம்? எல்லாச் சரணங்களையும் பாடப்போகிறோம், அவ்வளவுதான்.

"மணித்தியாலம் ஆனதும் பாட்டுப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுறன். அதுவரைக்கும் அசையப்படாது" என்று தாஸ் அண்ணையிடம் சொல்லிவிட்டு மாகிரெற் அக்கா பாடகர் பக்கம் ஓடினா.

வருகைப் பாட்டு தொடங்கியது. வழமையாக இரண்டு சரணம். சுவாமி பீடத்தை முத்தமிட்டு நிமிர்ந்து, கையை விரித்து, "பிதா..." என்று வாயைத் திறந்தார். மூன்றாம் சரணம் வந்தது. கையை மடக்கினார். அது முடிந்ததும் திரும்ப விரித்தார். நான்காம் சரணம். ஆர்மோனியம் வாசிக்கிற பெடியன் திகைத்துப்போய் மாகிரெற் அக்காவைப் பார்த்தான். அவா கூரையைப் பார்த்துக்கொண்டு பாடினா.

பிறகு சூசை அண்ணை எழும்பினார். உங்களுக்குத் தெரியும், அவர் வாசித்தால் பவுலடியாருடைய திருமுகம் பாரை மீன் ஏலம்போல இருக்கும். மூச்சு விடாமல் தொடங்கி, மூச்சு விடாமல் முடிப்பார். அன்றைக்கு அவர் மைக்கைத் துடைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். சனத்தை ஒருமுறை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் பார்த்தார். "திருத்தூதர்... பணிகள்... நூலிலிருந்து..." என்றார். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகத் தூக்கித் தராசில் வைத்தார்.

எனக்குப் பின்னால் இருந்த ஒரு மனுசி, "சூசைக்கு என்ன, சுகமில்லையோ?" என்று கேட்டா.

"இது ஏலமில்லை எண்டு இண்டைக்குத்தான் விளங்கியிருக்குது" என்றது இன்னொரு குரல்.

நான் ஜோயலின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். பூசையில் சிரிக்கிறேனே என்று பயந்தேன். பயந்ததால் இன்னும் சிரிப்பு வந்தது.

இனிப் பிரசங்கம் கைகொடுக்கும் என்று நம்பினோம். புதுநன்மை நாள் அல்லவா? சுவாமி பிள்ளைகளைப் பார்த்து மூன்று அழகான வசனம் சொன்னார். "ஆகவே" என்றார். ஆமென் என்றார். முடிந்துவிட்டது. பிரசங்கம் கெதியாக முடிந்ததற்காக நான் கவலைப்பட்ட ஒரே நாள் அதுதான்.

மன்றாட்டுக்கு நான் போனேன். கையில் ஐந்து மன்றாட்டு எழுதிய தாள். ஐந்தையும் சொன்னேன். ஆறாவது இல்லை. நிமிர்ந்து சனத்தைப் பார்த்தேன். அங்கே எத்தனையோ மன்றாட்டுகள் உட்கார்ந்திருந்தன. கடலில் இருப்பவர்களுக்காகச் சொன்னேன். சிறுபோக நெல்லுக்குக் குளத்தில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று சொன்னேன். வெளிநாட்டில் இருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் கதைக்கிற பிள்ளைகளுக்காகச் சொன்னேன். இருட்டில் வீதியில் படுக்கிற மாடுகளுக்காகவும், அவற்றில் மோதாமல் வீடு வரவேண்டியவர்களுக்காகவும் சொன்னேன். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சனம் சிரிப்போடு சொன்னது. சிரிப்போடு என்றாலும் பலமாகச் சொன்னது, ஏனென்றால் மாட்டில் மோதாத வீடு எங்கள் பங்கில் குறைவு.

அடுத்தது என் வாயில் தானாக வந்தது. "சண்டை முடிந்தும் இன்னும் வீட்டுக்கு வராதவர்களுக்காக, அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்காக."

பதில் வர ஒரு கணம் எடுத்தது. வந்தபோது கோயில் முழுவதும் ஒரே குரலாக இருந்தது. நான் நேரத்தை நீட்டவென்று மைக்குக்குப் போனவள். அந்த இடத்தில் நேரத்தை மறந்துவிட்டேன். எந்த மன்றாட்டும் மேலதிகமாகச் சொன்னது இல்லை என்று அப்போது தோன்றியது. நாங்கள்தான் ஒவ்வொரு ஞாயிறும் ஐந்தோடு நிறுத்திவிடுகிறோம்.

காணிக்கைப் பவனியில் ஒரு பெரிய உருண்டை வத்தகப்பழம் கைநழுவி விழுந்து நடுவழியில் உருண்டது. அது எங்கள் திட்டத்தில் இல்லை. சூசை அண்ணை அதைத் துரத்திப் பிடித்த வேகத்தைப் பார்த்து, நல்ல சுகமாகத்தான் இருக்கிறார் என்று பின்னால் இருந்த மனுசி நிம்மதி அடைந்தா.

நன்மை நேரம் வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பீடத்தடிக்கு எரிகிற மெழுகுதிரியோடு போனார்கள். கடைசியில் ஷாலினியும் தாஸ் அண்ணையும் ஒரே மெழுகுதிரியை இரண்டு பேருமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் வரிசைக்குப் பக்கத்தில் ஜோயலோடு நின்றேன். மாகிரெற் அக்காவைப் பார்த்தேன். புத்தகம் மேலே வரவில்லை. வரிசை குறைந்தது. புத்தகம் வரவில்லை. அவர்களுக்கு முன்னால் ஒரே ஒரு பிள்ளை. மாகிரெற் அக்கா மணிக்கூட்டைப் பார்த்துத் தலையை இல்லை என்று ஆட்டினா. இன்னும் கொஞ்சம் இருக்கிறது!

முன்னால் நின்ற பிள்ளையும் போய்விட்டாள். சுவாமி திரும்பினார். தாஸ் அண்ணையின் கால் நகரவில்லை. ஷாலினியும் நகரவில்லை. சுவாமி புருவத்தை உயர்த்தி, "வாங்கோ" என்பதுபோலத் தலையசைத்தார். கோயில் முழுவதும் பார்த்தது. தாஸ் அண்ணையின் கழுத்தில் வியர்வை வழிந்தது.

அந்த நேரம் பார்த்து ஜோயலின் விசுக்கோத்து முடிந்துவிட்டது.

கை இரண்டும் வெறுமை. வாய் வெறுமை. எட்டும் தூரத்தில் ஒரு மெழுகுதிரி. அவன் என் இடுப்பிலிருந்து அப்படியே முன்னுக்குச் சரிந்து, கன்னத்தை உப்பி, "ப்பூ!" என்று ஊதினான்.

சுடர் போய்விட்டது. புகை எழுந்தது. "ஹப்பி பேர்த்டே!" என்று கை தட்டினான். அந்த அமைதியில் அது கூரை வரைக்கும் கேட்டது.

ஒரு சின்னப் பெண் சிரித்தாள். பிறகு வெள்ளை உடுப்பு வரிசை முழுவதும் சிரித்தது. சுவாமிக்கே தோள் குலுங்கியது. பீடப் பிள்ளை ஒருவன் பாஸ்காத் திரியிலிருந்து நெருப்பெடுத்து வந்தான், வழியில் காற்றுக்கு அணைந்தது, திரும்பப் போனான். கொண்டுவந்து ஏற்றினான். ஏற்றி அவன் கையை எடுக்க முன்னமே ஜோயல் திரும்பவும், "ப்பூ!"

நான் அவனுடைய வாயைப் பொத்தினேன், நேரம் பிந்தித்தான். பீடப் பிள்ளை மூன்றாம் முறை நெருப்போடு நடந்து வருகிறான். அவனுக்குப் பின்னால், பாடகர் பக்கத்தில், மாகிரெற் அக்காவின் இரண்டு கையும் மேலே போயின. புத்தகம் கூரையைத் தொட்டுவிடும்போல் இருந்தது.

தாஸ் அண்ணை அதைக் கண்டார். மெழுகுதிரி பற்றிக்கொண்டது. தகப்பனும் மகளும் இரண்டு அடி முன்னுக்கு வைத்தார்கள். ஷாலினி எடுத்தாள். அவர் எடுத்தார். கண்ணை மூடினார். அந்த மூடிய கண்ணுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. விசுக்கோத்து இல்லை என்பது மட்டும் தெரியும். அன்றைக்கு அவர் மோட்டச்சைக்கிள் பார்க்க வெளியே போகவில்லை. மகளுக்குப் பக்கத்தில் முழந்தாளில் இருந்தார், எழும்ப மறந்துவிட்டவர்போல.

பூசை முடிந்து வெளியே வந்ததும் சுவாமி மோட்டச்சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். "என்ன பிள்ளை, இண்டைக்கு எல்லாருக்கும் என்ன வந்தது? சூசைக்கு நித்திரையோ?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வரப் பார்த்தது. செய்தது பிழையோ சுவாமி, முதலே சொல்லியிருக்க வேண்டும், நான் ஓடிவந்தேன், நீங்கள் ஆசீர்வதித்துவிட்டுப் போய்விட்டீர்கள் என்றெல்லாம் அடுக்கினேன்.

அவர் சாவியைத் திருப்பப் போன கையை எடுத்தார். "என்ரை பிரசங்கம் நீளவேணும் எண்டு ஒரு சனம் இருந்து செபிச்சிருக்குது" என்றார். "நான் குருவானவராகி இப்பிடி ஒரு நாளும் நடக்கேல்லை. அதுவும் எனக்குத் தெரியாமல் போச்சுதே!" விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து மோட்டச்சைக்கிளை உதைத்தார். "அந்த மாட்டு மன்றாட்டு நல்லாயிருந்தது. அடுத்த கோயிலிலையும் சொல்லப்போறன்."

தங்கச்சிமாரே, தம்பிமாரே, வட்டம் நடத்தும்போது உங்களிடம் வருகிறவர்கள் சட்டத்தோடு வருவார்கள், அதைவிடப் பெரிய ஆசையோடும் வருவார்கள். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில், சட்டத்தைக் கொஞ்சம் குறுக்கி அவர்களை அனுப்பிவிட மனம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் தாஸ் அண்ணைக்காக நாங்கள் சட்டத்தைக் குறுக்கவில்லை, பூசையை நீட்டினோம். அது என் யோசனை இல்லை. நான் செய்ததெல்லாம் மணி அடிக்கிற நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான். எனக்கு அதுதான் பெரிய வேலை. உங்களுக்கு இலகுவாக வரலாம்.

கோயில் முற்றத்தில் எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். தாஸ் அண்ணை மட்டும் கோப்பையை வாங்காமல், மகளின் கையைப் பிடித்தபடி நின்றார். வயிறு முதல் நாள் இரவிலிருந்து காய்கிறது, ஆனால் எப்போது தொடங்கலாம் என்று அவருக்குத் தெரியவில்லை போலும். ஜோயல் யாரிடமோ இன்னொரு விசுக்கோத்து வாங்கிக்கொண்டு ஓடிவந்தான். ஒரு கடி கடித்தான். மிச்சத்தை எட்டி நீட்டினான்.

"மாமா, ஆ!"

தாஸ் அண்ணை குனிந்தார். வாயைத் திறக்கப் போனவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். "இப்ப சாப்பிடலாமோ ரீச்சர்?"

விடை என் நாக்கு நுனியில் இருந்தது.

"நீங்கள் என்ன நினைக்கிறியள் அண்ணை?" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆ" என்றார்.